குதிரை வில்லாளரும் நகராத கோயிலும்



கொள்ளேகால் என்றவுடன், பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களே, உங்களுட் பலருக்குப் பட்டுச் சேலை நினைவுக்கு வரும். சிலருக்கு மாதேசுவரன் மலையும், இன்னுஞ் சிலருக்குச் சிவசமுத்திரத்து அருவியும் நினைவுக்கு வரலாம். ஊரைவிட்டுப் பெயராமலே மாநிலம் மாறியவர்கள் நாங்கள். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் இரவு சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தில் உறங்கச் சென்ற எங்கள் பெரியோர், மறுநாட் காலை மைசூர் மாநிலத்தில் கண் விழித்தனர். அம்மாநிலம் 1973-இல் கருநாடகம் எனப் பெயர் பெற்றது. 1997 முதல் எங்கள் ஊர் சாமராசநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. நீங்கள் ஊர்விட்டு ஊர் சென்றீர்கள். எங்களை விட்டோ எல்லை சென்றது. இந்த உறவு பற்றியே உங்களோடு சற்று உரிமை பாராட்டிப் பேசத் துணிகிறோம்.

பேசப் புகுந்த பொருள் ஒரு விளையாட்டு. ஞாயிறு மாலைதோறும் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஐந்தாறு பேர் கூடுகிறோம். பட்டு நெசவாளர் ஒருவர், பள்ளி ஆசிரியர் இருவர், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், எஞ்சியோர் அவ்வப்போது வந்து போவோர். நாலடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள மேசைமேல் பச்சைத் துணி விரிப்போம். மணல் நிரப்பிய சிறு பைகளைத் துணிக்கடியில் இட்டால் குன்றுகள் ஆகும். நீல நாடா ஆறு ஆகும். பாசி ஒட்டிய பலகைத் துண்டுகள் காடு ஆகும். அதன்மேல் பழங்காலப் படைகளை நிறுத்திப் போர் ஆடுவோம். வீரர்கள் விரற்கடை உயரம் உடையோர். சில ஈயத்தில் வார்த்தவை, பல நாங்களே தாளில் வரைந்து வெட்டியவை. அவற்றுக்கு அடியில் ஒட்டுவதற்கு நெசவாளர் நண்பர் தறியிற் பயன்பட்டுத் தேய்ந்த ஜக்கார்டு அட்டைகளைத் துண்டாக்கிக் கொணர்வார். சேலைக் கரையில் மயிலும் அன்னமும் நெய்த அட்டை இப்போது குதிரைகளைத் தாங்கி நிற்கிறது.

நரை கண்டவர்களுக்குப் பொம்மை விளையாட்டா என்று எங்கள் இல்லத்தரசியர் கேட்டதுண்டு. அவர்களுக்குச் சொன்ன விடையையே உங்களுக்கும் சொல்வோம். சதுரங்கம் என்ற சொல்லே நால்வகைப் படையைக் குறிப்பதன்றோ? யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நான்கையும் பலகையில் நிறுத்தி ஆடிய நாடு இது. அந்தச் சதுரங்கத்தையே விரித்துப் பெரிதாக்கி, 1780-இல் செருமானிய நாட்டில் ஹெல்விக் என்பார் போர்ப்பயிற்சி ஆட்டம் ஒன்றை வெளியிட்டார். பின்னர்ப் பிரசிய நாட்டு ரைசுவிட்சு குடும்பத்தில் தந்தையும் மகனும் அதனைத் திருத்தினர். மகன் 1824-இல் செய்த ஆட்டத்தைப் பிரசியப் படை அதிகாரிகளே பயின்றனர். 1913-இல் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் ஈயச் சிப்பாய்களைக் கொண்டு தரையில் ஆடும் போருக்கு விதி எழுதி ஒரு நூலே வெளியிட்டார். பழங்காலப் போர்களுக்கென்றே ஆடுவோர் 1965-இல் இங்கிலாந்தில் ஒரு சங்கம் அமைத்தனர். 1990-இல் பில் பார்க்கரும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட சிறு விதிநூல் ஒன்று, ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டே காய்கள், ஒரே பகடை என ஆட்டத்தை எளிதாக்கிற்று. எங்கள் ஆட்டம் அந்நூலின் வழியில் பிறந்து, கொள்ளேகாலுக்கு ஏற்பச் சில மாற்றங்களைப் பெற்றது.

எல்லாப் படைகளையும் பற்றிச் சொல்லப் பொழுது போதாது. ஆடுதற்கு அரியதும், ஆடத் தெரிந்தவர்க்கு இனியதும் ஆகிய ஒரு படையைப் பற்றி மட்டும் சொல்வோம். அது குதிரைமேல் இருந்து அம்பு எய்யும் படை. பார்த்தியர், ஹூணர், துருக்கியர், மங்கோலியர் முதலியோர் இவ்வகையினர். மரமும் கொம்பும் விலங்கின் நரம்பும் ஒட்டிச் செய்த குறுகிய வில்லைக் கொண்டு, ஓடும் குதிரையின்மேல் முன்னும் பின்னும் திரும்பி எய்யும் திறம் அவர்களுடையது.

புதிதாக ஆட வருவோர் இந்தப் படையைக் கண்டவுடன் விரும்பி எடுத்துக்கொள்வர். எடுத்தவுடன் தோற்றும் போவர். காரணம் என்ன? குதிரை என்றாலே பாய்ந்து மோதுவது என்று நம் மனம் எண்ணிப் பழகிவிட்டது. வில்லாளர் குதிரைகளை வேலாளர் குதிரைகளைப் போல வரிசையாக நிறுத்தி, எதிரியின் காலாள் அணிமேல் ஏவிவிடுவர். கேடயம் பூட்டி நெருங்கி நிற்கும் காலாளின்மேல் இலேசான குதிரை மோதினால் சிதறுவது குதிரையே. இரண்டு முறை தோற்றபின், 'இது பயனற்ற படை' என்று கூறி யானைப் படைக்கு மாறிவிடுவர். எங்கள் வங்கி நண்பர் ஓராண்டு முழுதும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படையின் படைக்கலம் வில் என்று தோன்றும். எங்கள் அனுபவத்தில் இதன் முதற் படைக்கலம் வெளி, வில் இரண்டாவதே. எதிரி முன்னேறினால் விலகுவது, அவன் நின்றால் நெருங்கி எய்வது, அவன் திரும்பினால் பக்கத்தில் தொடர்வது, இவை மூன்றே இதன் வித்தை. எந்த இடத்தையும் தனதென்று காக்கும் எண்ணம் இதற்கில்லை. விட்டுக் கொடுத்த நிலம் எல்லாம் எதிரியைக் களைப்பிக்கும் நிலம். இதனை மனம் ஒப்புக்கொள்ளவே நெடுநாள் ஆகிறது. பின்வாங்கும் ஒவ்வொரு முறையும் தோற்பதுபோலத் தோன்றும். மேசையைச் சுற்றி நிற்போர் நகைப்பர். கை தானாகவே குதிரையை முன்னே தள்ளும்.

வரலாற்றிலும் இப்படித்தான். கி.மு. 53-இல் உரோமத் தலைவர் கிராசசு ஏறத்தாழ நாற்பதாயிரம் பேருடன் பார்த்திய நாட்டுட் புகுந்தார். காரே என்னும் ஊரருகே பார்த்தியத் தளபதி சுரேனா பத்தாயிரம் குதிரைவீரருடன் எதிர்ப்பட்டார். அவர்களுள் ஆயிரவரே கவசம் பூண்டு மோதுபவர், ஏனையோர் வில்லாளர். உரோமர் நெருங்கிச் சதுரமாக நின்றனர். அம்பறாத்தூணி எத்தனை நாழிகைக்கு வரும், அம்பு தீர்ந்தால் இவர்கள் போய்விடுவர் என்று கிராசசு காத்திருந்தார். அம்பு தீரவில்லை. சுரேனா ஒட்டகங்களின்மேல் அம்புக் கட்டுகளை ஏற்றிப் படைக்குப் பின்னே நிறுத்தியிருந்தார். கிராசசின் மகன் குதிரைப்படையோடு துரத்திச் சென்றான். பார்த்தியர் ஓடுவதுபோல் ஓடி, அவனைத் தந்தையின் படையினின்றும் பிரித்துக் கொன்றனர். இருபதினாயிரம் பேர் மாண்டனர், பதினாயிரம் பேர் சிறைப்பட்டனர் என்று புளூட்டார்க் எழுதுகிறார்.

இதே பார்த்தியர் பதினைந்தே ஆண்டுகளில், கி.மு. 38-இல், சிரியா நாட்டில் வெண்டிடியசு என்னும் உரோமத் தளபதியிடம் தோற்றனர். அவர் குன்றின்மேல் நின்றுகொண்டார். அஞ்சி நிற்பதுபோல் நடித்தார். வெற்றிச் செருக்கில் பார்த்தியர் குன்றின்மேல் ஏறிப் பாய்ந்தனர். மேட்டிலிருந்து காலாளும் கவணெறிவோரும் இறங்கி அவர்களை அழித்தனர். எங்கள் வங்கி நண்பர் செய்துவந்த பிழையை அரசகுமாரரும் செய்திருக்கின்றனர் என்பதில் அவருக்குச் சற்று ஆறுதல்.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. 1192-இல் தராயின் களத்தில் முகம்மது கோரி பதினாயிரம் குதிரை வில்லாளரை நான்கு பிரிவாக்கி நாற்புறமும் விட்டார் என்றும், எதிரியின் யானையும் குதிரையும் நெருங்கினால் விலகி ஓடுமாறு கட்டளையிட்டார் என்றும் மின்ஹாஜ் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர் கூறுவர். பிருதிவிராசன் படை நாள் முழுதும் துரத்திக் களைத்தது. 1299-இல் தில்லிக்கு அருகே கிளி என்னுமிடத்தில் மங்கோலியர் ஓடுவதுபோல் ஓட, அலாவுதீன் கில்ஜியின் வீரமிக்க தளபதி சபர்கான் நெடுந்தொலைவு துரத்திச் சென்று, மறைந்திருந்தோரால் சூழப்பட்டு மாண்டார். துரத்துவதில் உள்ள இன்பமே பலரைக் கொன்றிருக்கிறது.

இனி மேசைக்கு வருவோம். வரலாற்றில் இல்லாத ஓர் இடர் மேசையில் உண்டு. அது மேசையின் விளிம்பு. பார்த்தியருக்கு மெசபொத்தேமியச் சமவெளி, மங்கோலியருக்குப் புல்வெளி. எங்களுக்கோ நாலடிக்கு மூன்றடி. விளிம்பைத் தாண்டிய காய் ஆட்டத்தை விட்டு நீங்கியது என்பது விதி. ஆகவே அறிந்த எதிரி அவசரப்பட மாட்டான். காலாளை மேசையின் ஒரு கரைமுதல் மறுகரைவரை நீள நிறுத்தி, கூடத்தைப் பெருக்குவதுபோல மெல்ல மெல்ல முன்னே வருவான். பின்வாங்கிப் பின்வாங்கி வில்லாளன் கடைசியில் விளிம்பில் நிற்பான். 1191-இல் பாலத்தீனத்தில் ஆங்கில வேந்தர் ரிச்சர்டு செய்ததும் இதனை ஒத்ததே; ஒரு பக்கத்தைக் கடல் காக்கும்படி கரையோரமாகவே படையை நடத்தி, துருக்கிய வில்லாளர் சுற்றி வளைக்க இடந்தராமல் அர்சூபு வரை சென்றார். வில்லாளர்க்கு வெளி வேண்டும் என்பதை அறிந்தவன் முதலில் வெளியை அடைப்பான்.

மற்றோர் இடர் பகடை. எங்கள் விதிப்படி ஒவ்வொரு முறையும் ஆறு முகப் பகடை ஒன்றை உருட்ட வேண்டும். விழுந்த எண் எத்தனையோ அத்தனை கூட்டங்களையே நகர்த்தலாம். ஒட்டி நிற்கும் காய்கள் எத்தனையாயினும் ஒரு கூட்டம். தனித்து நிற்கும் காய் ஒன்றாயினும் ஒரு கூட்டம். தளபதியின் ஆணை எல்லார்க்கும் ஒரே பொழுதில் எட்டாது என்பதை இந்தப் பகடை காட்டுகிறது. பரந்து சிதறுவது வில்லாளரின் வலிமை. சிதறினால் பகடை கட்டிப்போடும். பன்னிரண்டு காயும் பன்னிரண்டு இடத்தில் நிற்க, பகடையில் ஒன்று விழுந்தால் பதினொரு காய்கள் மரமாய் நின்று அடிவாங்கும். நாங்கள் பல தோல்விக்குப்பின் கண்ட வழி இது: கூட்டம் மூன்றுக்கு மேற்படலாகாது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, தலைவனுடன் நடுவே ஒன்று. பக்கத்துக் கூட்டம் ஒன்றை எதிரி துரத்தினால் மற்றது அவன் முதுகைப் பார்க்க வேண்டும். நடுக்கூட்டம் கடைசிவரை எதையும் செய்யாமலிருப்பதே நன்று. செய்யாமலிருப்பது எவ்வளவு கடினம் என்பதை ஆடிப் பார்த்தோரே அறிவர். மங்கோலியர் பத்து, நூறு, ஆயிரம் எனப் படையைப் பகுத்துக் கடும் ஒழுங்கிற் பழக்கியதன் காரணமும் எங்களுக்கு இம்மேசையிலேதான் விளங்கிற்று.

நம் தென்னாட்டில் இப்படை ஏன் தோன்றவில்லை என்று கேட்கலாம். வில்லுக்குக் குறைவில்லை, குதிரைக்கே குறை. நம் நாட்டுக் குதிரை கடல்வழி வந்தது என்பதைச் சங்க நூல்களே அறியும். பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் பதினாயிரம் குதிரைகள் வந்தன என்றும், ஒன்றின் விலை இருநூற்றிருபது செம்பொன் தினார் என்றும் வஸ்ஸாப் என்னும் பாரசீகர் எழுதினார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, சோறும் இறைச்சியும் வேகவைத்துக் குதிரைக்கு ஊட்டினர் என்றும், இலாடம் அடிக்கவும் பேணவும் அறிந்தோர் இன்மையால் குதிரைகள் விரைவில் மாண்டன என்றும் குறித்தார். விலை கொடுத்து வாங்கிய குதிரைமேல் வேலும் வாளும் ஏந்திய வீரனை ஏற்றலாம். ஓடும் குதிரைமேல் திரும்பி எய்வதோ பிள்ளைப் பருவம் முதலே குதிரையோடு வளர்ந்தார்க்கு இயல்வது. ஒட்டிச் செய்த வில்லுக்கு ஈரக்காற்றும் ஆகாது. நெல்வயலும் ஏரிக்கரையும் காடும் குதிரை பரந்தோட இடமும் தாரா.

கொள்ளேகாலிலிருந்து ஒரு மணிநேரத்தை ஒட்டிய பயணத்தில் சோமநாதபுரத்துக் கேசவர் கோயில் உள்ளது; 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள தண்டநாயகர் சோமநாதர் எடுத்தது. அதன் அடித்தளத்தைச் சுற்றி யானை வரிசை செல்கிறது. அதற்கு மேலே குதிரைவீரர் வரிசை. மேசைக்குப் படை வரைவதற்காக நாங்கள் அவ்வரிசையைப் பலமுறை பார்த்து வந்தோம். அணிபூண்ட குதிரைகள், பெருமிதமான வீரர்கள், ஒன்றன்பின் ஒன்றாக, என்றும் கோயிலைச் சுற்றிக்கொண்டேயிருக்கின்றனர். அக்கோயில் எழுந்து நூறாண்டு செல்லுமுன்னரே அந்த ஹொய்சளர் படைக்குச் சோதனை வந்தது.

1311-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தில்லித் தளபதி மாலிக் காபூர் துவாரசமுத்திரத்தின்முன் வந்து நின்றார். பாண்டிய நாட்டில் அண்ணன் தம்பியர் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்குப் பொருதுகொண்டிருந்தனர். அதிற் பயன் பெற எண்ணி ஹொய்சள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர் படையுடன் தெற்கே சென்றிருந்தார். மாலிக் காபூர் அதனை அறிந்து, பதினாயிரம் குதிரைவீரரை மட்டும் தேர்ந்தெடுத்துப் பன்னிரண்டு நாளில் விரைந்து வந்தார் என்று அமீர் குஸ்ரௌ எழுதுகிறார். விரைந்து திரும்பிய வல்லாளர் பணிந்தார். பெரும்போர் எதுவும் நடக்கவில்லை. மேசையில் நாங்கள் இதனை வைத்து ஆட முயன்றோம். ஹொய்சளர் பக்கத்துப் படை பாதிக்கும் மேல் மேசையிலேயே இல்லாத ஆட்டத்தை எவர் ஆடுவர்?

அடுத்து மாலிக் காபூர் தமிழகத்துட் புகுந்தார். இங்கு நடந்ததைக் கூர்ந்து நோக்குக. வீர பாண்டியன் போருக்கு நிற்கவில்லை. ஓர் ஊரில் தேடினால் மற்றோர் ஊரில் இருந்தான். அங்கே தேடினால் காட்டில் இருந்தான். பெருமழை பிடித்துக்கொண்டது, வழிகள் வெள்ளக்காடாயின. மதுரையை அடைந்தபோது நகர் வெறுமையாய்க் கிடந்தது. 512 யானைகளும் 5,000 குதிரைகளும் கொள்ளையாகச் சென்றன என்பது குஸ்ரௌவின் கணக்கு. அரசன் மட்டும் அகப்படவில்லை. ஓடி ஓடிக் களைப்பிக்கும் ஆட்டத்தில் வல்ல படையிடமே அந்த ஆட்டத்தை ஆடிக் காட்டினான் பாண்டியன். ஆனால் பாண்டியன் ஓடலாம்; கோயில் ஓடுமா?

இவ்விடத்தில்தான் எங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கு எழுந்தது. சென்ற கோடை விடுமுறைக்கு மும்பையிலிருந்து எங்களுள் ஒருவருடைய தங்கை மகன் வந்திருந்தான், பதின்மூன்று வயது. தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டிப் படிப்பான். அவனுக்குத் தென்னாட்டுப் படையைக் கொடுத்தோம். மேசையின் நடுவே காவிரித் தீவு. அதில் அட்டையாற் செய்த ஒரு கோபுரம். எதிரில் தில்லிக் குதிரை வில்லாளர். கோயில் பகைவர் கைப்பட்டால் தென்னாட்டுப் பக்கம் தோற்றதாக விதி. பையன் மூன்று முறை ஆடி மூன்று முறையும் தோற்றான். யானைகளையும் காலாளையும் கோயிலைச் சுற்றி நிறுத்துவான். வில்லாளர் நான்கு பக்கமும் சுற்றி எய்வர். துரத்தினால் கோயில் திறந்து கிடக்கும், துரத்தாவிடில் நின்ற இடத்திலேயே மாள்வர். நான்காம் முறை காய்களைத் தொடாமல் கைகட்டி நின்றான்.

"மாமா, கோயிலை நான் நகர்த்தலாமா?" என்றான்.

"கோயில் எப்படியப்பா நகரும்?" என்றார் வங்கி நண்பர்.

"அப்படியானால் நான் இங்கேயே நின்று சாக வேண்டியதுதானா?"

எவரும் விடை சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து ஆசிரியர் ஒருவர், "சத்தியகாலத்துக்கு எத்தனை மைல்?" என்று மெல்லக் கேட்டார். எங்கள் எல்லார்க்கும் அவர் கருத்து விளங்கிற்று. உங்களுக்கு விளங்கச் சொல்ல வேண்டும்.

கொள்ளேகாலிலிருந்து பெங்களூர்ச் சாலையில் காவிரியை அணுகுமிடத்தில் சத்தியகாலம் என்னும் சிற்றூர் உள்ளது. 1323-இல் தில்லியிலிருந்து உலூகுகான் படை மீண்டும் தெற்கே வந்தது. பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என ஆண்டவர் அவரே. திருவரங்கம் அப்போது பெருந்துயர் உற்றது. பிள்ளை உலகாசிரியர் அரங்கன் திருமேனியை எடுத்துக்கொண்டு தெற்கே சென்றார் என்பது வைணவ மரபு. வேதாந்த தேசிகர் பிணங்களினூடே மறைந்து கிடந்து, சுதர்சன சூரியின் இரு சிறு புதல்வரையும் அவர் எழுதிய சுருதப்பிரகாசிகை என்னும் உரையின் சுவடியையும் காத்துக்கொண்டு, காவிரிக்கரை வழியே மேற்கே வந்து இந்தச் சத்தியகாலத்தில் தங்கினார் என்பதும் அம்மரபே. அரங்கத்துக்கு அச்சமின்றித் திரும்ப வேண்டி அவர் பாடிய அபீதிஸ்தவம் இங்கே பிறந்தது என்பர். அரங்கன் திருமேனி திரும்பச் சென்றது 1371-இல். விசயநகரத்தாரின் அதிகாரி கோபணர் செஞ்சியிலிருந்து எழுந்தருளச் செய்தார். இடையே கழிந்தவை ஐம்பதாண்டுக்கு அணித்தான காலம். தமிழகத்தினின்றும் கொள்ளேகாற் பக்கத்துக்குப் புலம்பெயர்ந்து வந்தோரில் இவரினும் பெரியவரை நாங்கள் அறியோம்.

இன்னொரு வியப்பும் உண்டு. அதே தேசிகர் பாதுகா சகஸ்ரத்தில் இரண்டு செய்யுள்களைச் சதுரங்கக் குதிரையின் நடையில் அமைத்தார். முதற் செய்யுளின் முப்பத்திரண்டு எழுத்தையும் எட்டுக்கு நான்கு கட்டங்களில் எழுதி, குதிரை பாயும் முறையிற் படித்துச் சென்றால் அடுத்த செய்யுள் வரும். ஒரு கட்டமும் இருமுறை மிதிபடாது. ஐந்நூறாண்டு கழித்து மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராச உடையார் அறுபத்து நான்கு கட்டங்களிலும் குதிரையை அவ்வாறே செலுத்தும் வழிகளை வகுத்து, பல புதிய பலகை ஆட்டங்களையும் அமைத்தார். குதிரை ஆட்டம் இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று.

வழக்குக்கு வருவோம். இரண்டு ஞாயிறுகள் காய் நகர்த்தாமல் வாதிட்டோம். "கோயிலைக் காப்பதே போர், தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால் படை எதற்கு?" என்றார் வங்கி நண்பர். "தூக்கிக்கொண்டு போனதனால்தானே திரும்பி வர முடிந்தது?" என்றார் ஆசிரியர். நெசவாளர் நண்பர் அதிகம் பேசாதவர். அடுத்த வாரம் ஒரு மாட்டுவண்டியைச் செய்து எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். அதன்பின் விதி செய்வது எளிதாயிற்று.

கோபுரம் நகராது. ஆனால் தென்னாட்டுத் தலைவன் விரும்பினால் திருமேனியையும் சுவடியையும் வண்டியில் ஏற்றலாம். வண்டி காலாளினும் மெல்லச் செல்லும், ஒவ்வொரு முறையும் பகடையில் ஒன்றைத் தின்னும், குன்றேறாது, காட்டுட் புகும். காட்டில் குதிரைக்குப் பாதி நடையே, அம்பும் எய்தல் இயலாது. வண்டி காட்டின் மறுபுறம் விளிம்பைத் தாண்டினால், படை முழுதும் அழிந்தாலும் தென்னாட்டுப் பக்கமே வென்றதாகும். கோயிலுட் புகும் குதிரைக் கூட்டம் ஒரு முறை கொள்ளையிற் கழிக்கும், அப்போது நகராது. கொள்ளையை விரும்பாத தளபதி கோயிலை விட்டுவிட்டு வண்டியைத் துரத்தலாம். அவனுக்குக் குதிரைகள் மீதமிருக்கும், பொன் இராது.

இவ்விதிக்குப்பின் ஆட்டம் அடியோடு மாறியது. மேசையின் விளிம்பு வில்லாளனுக்கு மட்டும் பகையாயிருந்தது. இப்போது தென்னாட்டானுக்கு அதுவே கதியாயிற்று. எத்தனை பேரை வழியில் நிறுத்துவது, யாரை வண்டியோடு அனுப்புவது என்பதே அவன் கவலை. நிறுத்தப்பட்ட காய்கள் பெரும்பாலும் மீள்வதில்லை. பையன் முதன்முறை வண்டியைக் காட்டில் சேர்த்தபோது, கோயில் வாயிலில் அவன் விட்டுவந்த யானை ஒன்று தனியே நின்றது. வென்றவன் மகிழ்ந்து குதிப்பான் என்றிருந்தோம். அவன் அந்த யானையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தில்லிப் பக்கத்தைக் கொடுத்தால் முதலில் வேண்டாமென்றே மறுத்தான். 'நம் படையைத்தான் ஆடுவேன்' என்று பிடிவாதம். அப்போது அவனுக்கு இரண்டாம் தேவராயர் செய்தியைச் சொன்னோம். 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விசயநகரத்தை ஆண்ட அவர், பாமினி சுல்தானிடம் ஏன் தோற்கிறோம் என்று அவையிற் கேட்டாராம். அவர்கள் குதிரை வலியது, அவர்கள் வில்லாளர் சிறந்தவர் என்று விடை வந்தது. உடனே முஸ்லிம் வீரரைத் தம் படையிற் சேர்த்து நிலம் அளித்தார்; தலைநகரில் மசூதி எழுப்பினார்; அவர்கள் வணங்குதற்கேற்பத் தம் அரியணையின்முன் குர்ஆனை வைத்தார்; தம் வீரர்க்கு அவர்களைக் கொண்டே வில் பயிற்றுவித்தார். இரண்டாயிரம் முஸ்லிம் வில்லாளரும் அறுபதினாயிரம் இந்து வில்லாளரும் அவரிடம் இருந்தனர் என்று பெரிஷ்தா எழுதுகிறார்; எண்ணிக்கையிற் சற்று மிகை இருக்கலாம். 1443-இல் அப்படையுடன் போர் தொடுத்துப் பின்னர்க் கப்பம் கட்ட இசைந்தார் என்பதையும் அவரே மறையாமற் சொல்கிறார். ஆகவே வித்தை கற்றவுடன் வெற்றி வந்துவிடவில்லை. ஆயினும் எதிரியின் வித்தையை எதிரியின் இனத்தாரிடமே கேட்டுக் கற்க அரசர் ஒருவர் நாணவில்லை. பையன் இதனைக் கேட்டுத் தலையசைத்தான். மறுநாள் தில்லிப் படையின் பெட்டியைத் தானே திறந்தான்.

அவன் ஊருக்குத் திரும்புமுன் நடந்த கடைசி ஆட்டத்தைச் சொல்லி முடிக்கிறோம். வங்கி நண்பர் தென்னாட்டுப் பக்கம். கோயிலை விட்டகலாதவர் என்று பெயர் எடுத்தவர், முதல் முறையிலேயே வண்டி பூட்டினார். பையன் கோபுரத்தைத் தொடவில்லை. மூன்று கூட்டம் என்ற எங்கள் உபதேசத்தையும் மறந்து, காட்டின் வாயைச் சுற்றி அடைக்க ஐந்து கூட்டமாகப் படையைப் பிரித்தான். அழகான வலைதான், இன்னும் ஒரு முறை நகர்ந்தால் வண்டி அகப்பட்டுவிடும். பகடையை உருட்டினான். ஒன்று விழுந்தது.

நெடுநேரம் மேசையைப் பார்த்தான். பின்னர்த் தலைவனுடைய கூட்டத்தை மட்டும், அவசரமின்றி, ஒரு சாண் பின்னே இழுத்து வைத்தான். மீதமிருந்த நான்கு கூட்டங்களும் நின்ற இடத்தில் நின்றன. வண்டி காட்டுக்குள் நுழைந்தது. ஆனால் அதனைத் துரத்திச் சென்று அழியத்தக்க காய் ஒன்றேனும் அவன் பக்கத்தில் இல்லை. அடுத்த முறை பகடையில் ஐந்து விழுந்தபோது, காட்டைக் கடந்து வந்தால் வண்டி எங்கே தோன்றும் என்று எண்ணிப் பார்த்து அங்கே முன்னரே சென்று நின்றான். வங்கி நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வண்டியைக் காட்டுக்குள்ளேயே நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அவனும் காத்திருந்தான். உணவுக்கு அழைப்பு வந்தும் எழவில்லை. அன்று முடியாமலே விளக்கை அணைத்தோம்.

மறுநாள் மைசூரில் அவன் இரயில் ஏறும்போது, பன்னிரண்டு குதிரை வில்லாளரையும் மாட்டுவண்டியையும் ஒரு பட்டுச் சேலைப் பெட்டியில் வைத்து நெசவாளர் நண்பர் கொடுத்தனுப்பினார். எங்களுக்கு அவர் இப்போது வேறொரு வண்டி செய்துகொண்டிருக்கிறார்.